கொப்பரைக் களத்தில் எட்டாத கேபிள்

காங்கேயத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கொப்பரைக் களம். சிமெண்ட் தளம் முழுக்க உடைத்த தேங்காய் மூடிகள் வெயிலில் கிடக்கின்றன. காய்ந்த பருப்பைத் தொட்டியிலிருந்து பெயர்த்தெடுக்கும் பெண்கள் தகரக் கூரையின் நிழலில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கூரை புதிதாகப் போட்டது. இன்றைய வேலைக்குக் காரணமும் அதுதான். குடோன் சுவரில் மாட்டியிருந்த மூன்று கேமராக்களுக்கும் இப்போது கூரைத் தகரம் மட்டும்தான் தெரிகிறது. ஒன்றைக் கூரைத் தூணுக்கும், இன்னொன்றைக் களத்தின் எதிர் ஓரத்துக் கம்பத்துக்கும், மூன்றாவதை லாரி நுழையும் கேட்டுக்கும் மாற்ற வேண்டும். ஏற்கெனவே இழுத்திருக்கும் கேபிள் மூன்றில் ஒன்றுகூடப் புது இடத்துக்கு எட்டவில்லை.

“நாலு மொழந்தானே தம்பி கொறையுது? இதுக்குப் போயி மொத்த வயரையும் புதுசா இழுக்கோணுமா?” என்று களத்துக்காரர் தூணைக் காட்டிக் கேட்கிறார்.

“ஜாயின்ட் போட்டுக்கலாமுங்க. எங்க போடறோம், எப்படிப் போடறோம்ங்கறதுலதானுங்க எல்லாம் இருக்குது” என்கிறார் கேமரா போட வந்திருக்கும் தம்பி. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் ஏணியும் கையுமாக வளர்ந்தவர்.

கேமரா வாங்குகிறவர்கள் எத்தனை மெகாபிக்சல், எத்தனை நாள் பதிவு நிற்கும் என்று கேட்கிறார்கள். கேபிளைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. நான் பார்த்தவரை, நின்றுபோன கேமராக்களில் பலவற்றுக்குள் எந்தப் பழுதும் இருப்பதில்லை. பழுது வழியில் எங்கோ, டேப் சுற்றிய ஒரு முடிச்சில் இருக்கும். அந்த முடிச்சு சீலிங்குக்கு மேலேயோ பூசிய சுவருக்குள்ளேயோ இருந்துவிட்டால் தேடிக் கண்டுபிடிக்க ஒரு பகல் போய்விடும். எட்டாத கேபிளை நீட்டுவதை ஒருவர் எப்படிச் செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே வந்தேன்.

தம்பி கத்தியை எடுக்கவில்லை. முதலில் ஆபீஸ் அறைக்குப் போய், ஸ்விட்ச்சுக்குப் பின்னால் இருக்கும் கேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு எண்ணைப் படிக்கிறார். பிறகு குடோன் சுவரில் ஏணி வைத்து ஏறி, அதே கேபிளின் மறுமுனையில் இன்னொரு எண்ணைப் படிக்கிறார். கேபிளின் மேலுறையில் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சிட்டிருப்பார்கள். 305 மீட்டர் பெட்டியில் எவ்வளவு மிச்சம் என்று தெரிவதற்காக அச்சிடுவது. இரண்டு முனையின் எண்களையும் கழித்தால் இடையில் போன கேபிளின் நீளமே கிடைத்துவிடும். முதல் கேபிள் 58 மீட்டர். இரண்டாவது 41. கேட்டுக்குப் போக வேண்டியது 83. மூன்றையும் ஒரு அட்டையில் எழுதிக்கொள்கிறார். புது இடத்துக்கு எவ்வளவு கூடுதல் என்பதைக் கயிறு பிடித்து அளந்து பக்கத்தில் எழுதுகிறார்: 2, 22, 60.

இந்தக் கூட்டல் ஏன் முக்கியம் என்றால், ஈத்தர்நெட் செம்புக் கேபிளுக்கு ஒரு எல்லை உண்டு. ஸ்விட்ச்சிலிருந்து கேமரா வரை மொத்தம் 100 மீட்டர். அதில் 90 மீட்டர் சுவரோடு நிலையாகப் போகும் கேபிளுக்கு, 10 மீட்டர் இரு முனையிலும் செருகும் சிறு வயர்களுக்கு என்பது கட்டடக் கேபிள் தரவரையறையின் கணக்கு. நடுவில் ஜாயின்ட் போட்டால் அந்த இடத்திலிருந்து புதிதாக 100 மீட்டர் தொடங்குகிறது என்று நம்புகிறவர்கள் நிறைய. கப்ளரோ ஜாயின்ட் பெட்டியோ சிக்னலைப் புதுப்பிப்பதில்லை. கொஞ்சம் இழக்கத்தான் செய்கின்றன. 58-உடன் 2 சேர்த்தால் 60, 41-உடன் 22 சேர்த்தால் 63. இரண்டும் எல்லைக்குள். 83-உடன் 60 சேர்த்தால் 143. மூன்றாவது எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு, “இது வேற வேலைங்க, கடைசில பாத்துக்கலாம்” என்கிறார்.

தூணுக்குப் போகும் கேமராவைப் பற்றிக் களத்துக்காரருக்கு வெகுநாள் குறை ஒன்று உண்டு. பகலெல்லாம் நன்றாக இருக்கும். பொழுது சாய்ந்ததும் போய்விடும், ஒரு நிமிடத்தில் வரும், மறுபடி போகும். கேமராவை ஒருமுறை மாற்றியும் ஆயிற்று, அப்படியேதான். தம்பி அந்தக் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே சுவரோரமாகப் போகிறார். குடோன் மூலையில், பி.வி.சி. பைப் வளையும் இடத்தில், உறை தடித்திருக்கிறது. பைப்பை அறுத்துப் பார்த்தால் கறுப்பு டேப் சுற்றிய ஒரு உருண்டை. டேப்பின் பசை உருகி விரலில் ஒட்டுகிறது. பிரிக்கப் பிரிக்க எட்டுக் கம்பிகளும் ஒன்றோடொன்று முறுக்கியபடி வெளியே வருகின்றன. நான்கில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது. நீல, பழுப்பு ஜோடிகளின் முறுக்கு கறுத்துப்போய், தொட்டதும் ஒரு கம்பி ஒடிந்து கையோடு வந்துவிடுகிறது.

கொப்பரை காய வைக்கும் இடங்களில் இது சீக்கிரம் நடக்கும். கந்தகப் புகை போடுகிற வழக்கம் உள்ள களங்களில், அந்தப் புகை ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகிறது. மூடாத செம்பு தாங்காது. எண்ணெய்ப் பிசுக்குக்கு எலி வேறு வரும்.

இரவில் மட்டும் ஏன் போகிறது என்பதற்கு விடை அந்தக் கறுத்த முறுக்கில் இருக்கிறது. இந்தக் கேமராவுக்குக் கரண்ட் ஆபீஸிலிருக்கும் 12 வோல்ட் அடாப்டரிலிருந்து, கேபிளில் சும்மா கிடக்கும் நீல, பழுப்பு ஜோடிகள் வழியாக வருகிறது. படத்துக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் போதும். மிச்சத்தில் கரண்ட் அனுப்பிவிடலாம் என்பது பழைய வழக்கம். 24 கேஜ் செம்புக் கம்பி 100 மீட்டருக்கு எட்டரை ஓம் அளவுக்குத் தடுக்கும். 58 மீட்டரில் போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி என்று கணக்கிட்டால் மொத்தம் ஏறத்தாழ 5 ஓம். பகலில் கேமரா இழுப்பது கால் ஆம்பியர். 12 வோல்ட்டில் ஒன்றேகால்தான் குறையும், கேமரா சமாளிக்கும். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும், இழுப்பு அரை ஆம்பியரைத் தொடும். அப்போது குறைவது இரண்டரை வோல்ட். அதோடு களிம்பேறிய ஜாயின்ட்டின் தடையும் சேர்ந்தால் கேமராவுக்குப் போதுமான மின்னழுத்தம் கிடைக்காது, அணைந்துவிடும். அணைந்ததும் இழுப்பு நின்று வோல்ட் ஏறும், மறுபடி உயிர்பெறும், விளக்கு எரியும், மறுபடி அணையும். கேமராவை மாற்றியவர்கள் இந்த முறுக்கைப் பார்க்கவே இல்லை.

தம்பி செய்வது சுருக்கமான வேலை. அடாப்டரைக் கழற்றி ஓரமாக வைக்கிறார். புதிதாகக் கொண்டுவந்த, படம் வரும் கேபிளிலேயே கரண்டும் தரும் பி.ஓ.இ. ஸ்விட்ச்சில் இந்தக் கேபிளைச் செருகப்போகிறார். 2003-இல் வந்த 802.3 ஏ.எஃப். தரத்தின்படி அது ஒவ்வொரு போர்ட்டிலும் 15.4 வாட் வரை, ஏறத்தாழ 48 வோல்ட்டில் தரும். அதே 6 வாட் கேமரா 48 வோல்ட்டில் இழுப்பது எட்டில் ஒரு பங்கு ஆம்பியர்தான். 58 மீட்டரில் குறைவது ஒரு வோல்ட்டுக்கும் கீழே. இன்னொன்று, பி.ஓ.இ. ஸ்விட்ச் எடுத்த எடுப்பில் 48 வோல்ட்டைக் கொடுப்பதில்லை. முதலில் 10 வோல்ட்டுக்குள் சிறிய அழுத்தம் கொடுத்து, எதிர்முனையில் 25 கிலோ ஓம் தடை இருக்கிறதா என்று பார்க்கும். சந்தையில் மாட்டைத் தொட்டுப் பார்த்த பிறகு விலை பேசுவது மாதிரி. ஜாயின்ட்டில் ஈரம் இருந்தால் அந்தத் தடை மாறிவிடும், ஸ்விட்ச் கரண்ட் தராது. மழை பெய்தால் போய், வெயில் அடித்தால் தானாக வருகிற கேமராக்களில் நான் முதலில் சந்தேகப்படுவது நனைந்த ஜாயின்ட்டைத்தான்.

பழைய முறுக்கை வெட்டி எறிந்ததில் கேபிள் இன்னும் கொஞ்சம் குறைந்துவிட்டது. இப்போது அந்த நான்கு முழத்துக்கு ஜாயின்ட் வேண்டும். களத்துக்காரர் வாங்கி வைத்திருக்கும் புதுக் கேபிள் பெட்டியைத் தம்பி தூக்குகிறார். தூக்கியதுமே முகம் மாறுகிறது.

“இது லேசா இருக்குதுங்க்ணா.”

ஒரு கம்பியைச் சீவி, கத்தி முனையால் சுரண்டிக் காட்டுகிறார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. லைட்டரைக் காட்டினால் நுனி துவண்டு தொங்குகிறது. நல்ல செம்பாக இருந்தால் சிவந்து அப்படியே நிற்கும். அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய கேபிள் இது. பெட்டியில் கேட் 6 என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறது. ஈத்தர்நெட் கேபிளுக்கான தரங்கள் கேட்பது முழுச் செம்பு. இந்தப் பூச்சுக் கம்பியின் தடை அதே பருமனுள்ள செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. வளைத்தால் ஒடியும். ஜாயின்ட் போட்ட இடத்தில் அலுமினியம் காற்றுப் பட்டு ஆக்சைடு பூத்து, பிடிப்பு நாளுக்கு நாள் தளரும். பி.ஓ.இ. போகும் கட்டுக்கட்டான கேபிளில் சூடும் கூடும். விலை குறைவு என்பதைத் தவிர இதைச் சொல்லி விற்க ஒன்றுமில்லை. கடைக்காரர்கள் அப்படிச் சொல்லி விற்பதும் இல்லை, கேட்டால்தான் சொல்வார்கள். களத்துக்காரர் பெட்டியைத் திரும்பக் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார். தம்பி தன் வண்டியிலிருந்து கறுப்பு உறை போட்ட, வெளிப்புறத்துக்கான செம்புக் கேபிளை எடுத்து வருகிறார்.

எதைக் கொண்டு சேர்ப்பது என்பதில் அவருக்குத் திட்டமான கருத்து இருக்கிறது. இரண்டு பக்கமும் ஆர்.ஜே. 45 துளை உள்ள கப்ளர் எளிது: இரண்டு முனையிலும் கனெக்டர் கிரிம்ப் செய்து, நடுவில் செருகிவிட்டால் ஆயிற்று. அறைக்குள், தூசி இல்லாத இடத்தில், கண்ணில் படும்படி இருந்தால் தம்பி அதைத் தயங்காமல் போடுவார். இங்கே வெளிச்சுவரில் போடமாட்டார். அதில் ஒவ்வொரு கம்பிக்கும் வழியில் நான்கு தொடு இடங்கள். அதில் இரண்டு, திறந்த துளைக்குள் இருக்கிற மெல்லிய தகடுகள். ஈரமும் தூசும் நேராக அங்கேதான் போகும். தொலைபேசி லைன்மேன்கள் ஜெல்லி நிரப்பிய கேபிள்களில் பயன்படுத்தும் ஜெல் கனெக்டரும் அவர் பையில் உண்டு. கம்பியின் உறையைச் சீவாமல் உள்ளே விட்டு அழுத்தினால், உள்ளிருக்கும் தகடு உறையைக் கிழித்துச் செம்பைப் பிடித்துக்கொள்ளும், பசை சுற்றிலும் மூடிவிடும். சாதாரணக் கேமராவின் 100 மெகாபிட் வேகத்துக்கு அது போதும், ஈரத்துக்கும் பயமில்லை. எட்டுக் கம்பிக்கு எட்டு வைத்தால் இடம் அடைக்கும், ஜோடியின் முறுக்கும் அங்கே குலையும். ஆத்திர அவசரத்துக்கு மட்டும் என்கிறார்.

அவர் எடுப்பது கட்டைவிரல் நீளத்தில் ஒரு சிறு ஜாயின்ட் பெட்டி. உள்ளே இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பிளவுகள், ஒவ்வொன்றிலும் நிறம் போட்டிருக்கிறது. கேபிளின் மேலுறையை இரண்டு விரற்கடை உரிக்கிறார். நான்கு ஜோடிகளும் தெரிகின்றன. ஆரஞ்சு ஜோடியின் முறுக்கைக் கடைசி நுனியில் மட்டும் அவிழ்த்து, வெள்ளை ஆரஞ்சை ஒரு பிளவிலும் ஆரஞ்சைப் பக்கத்துப் பிளவிலும் வைக்கிறார். அவிழ்த்த பகுதி அரை அங்குலம், 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அவர் விடுவது அதைவிடக் குறைவு. பஞ்ச் டூலை மேலே வைத்து அழுத்துகிறார். டக்கென்று ஒரு சத்தம். கம்பி பிளவுக்குள் இறங்குகிறது, மிச்ச நுனி வெட்டுப்பட்டுக் கீழே விழுகிறது. எட்டு முறை டக், மறுபக்கம் எட்டு முறை. முறுக்கை ஏன் இப்படிக் காப்பாற்றுகிறார் என்றால், ஒரு ஜோடியின் இரு கம்பிகளும் ஒன்றையொன்று சுற்றிப் போவதால்தான் பக்கத்து ஜோடியின் இரைச்சலும் மோட்டாரின் இரைச்சலும் இரண்டிலும் சமமாக ஏறி, எதிர்முனையில் கழிபட்டுப் போகின்றன. இந்தக் களத்தில் மூன்று பேஸ் மோட்டார்கள் ஓடுகின்றன.

ஜாயின்ட்டை ஒரு வெதர்ப்ரூஃப் பெட்டிக்குள் வைத்து, ஆள் உயரத்தில் சுவரில் திருகுகிறார். துளைகள் பெட்டியின் அடிப்பக்கத்தில். கேபிள் பெட்டிக்குக் கீழே ஒரு சாண் தொங்கி, வளைந்து, மேலேறி உள்ளே போகிறது. மழைத் தண்ணீர் கேபிள் வழியே ஓடி வந்தாலும் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும். இதைச் செய்ய ஒரு சாண் கேபிள்தான் கூடுதல். இது இல்லாமல் நாசமான பெட்டிகளை நான் எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன்; மேல்புறம் துளை போட்டு, உள்ளே அரைப் பெட்டி தண்ணீர் நிற்கும்.

கம்பத்துக்குப் போகும் இரண்டாவது கேபிளிலும் அதே ஜாயின்ட், அதே பெட்டி. களத்துக்கு மேலே லாரி போகும் உயரம் விட்டு ஜி.ஐ. கம்பி கட்டி, அதன்மேல் கறுப்பு டை போட்டு 22 மீட்டரையும் தொங்கவிடுகிறார்கள். வெள்ளை டை வெயிலில் சீக்கிரம் பொடிந்துபோகும். டெஸ்டரை மாட்டினால் ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிகின்றன. கேமராவும் வந்துவிட்டது. ஆனால் படம் விட்டுவிட்டு நகர்கிறது. களத்தில் நடக்கும் ஆள் இங்கே நின்று அங்கே தோன்றுகிறார்.

“நேத்து வரைக்கும் செவுத்துல நல்லாத்தான இருந்துது?” என்கிறார் களத்துக்காரர். ஜாயின்ட்தான் காரணம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

தம்பி ஜாயின்ட் பெட்டியைத் திறக்கவில்லை. ஆபீஸுக்குப் போய், பழைய ஆள் கிரிம்ப் செய்திருந்த கனெக்டரைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. பார்க்க ஒழுங்கான வரிசை. இரண்டு முனையிலும் ஒரே மாதிரி என்பதால் டெஸ்டர் எல்லாம் சரி என்றுதான் சொல்லும். ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு போகிறதா என்று மட்டுமே அதற்குத் தெரியும். ஆனால் ஈத்தர்நெட்டில் மூன்றாம் முள்ளும் ஆறாம் முள்ளும் ஒரு ஜோடி. இந்த வரிசையில் மூன்றில் வெள்ளைப் பச்சை, ஆறில் நீலம். ஒன்றோடொன்று முறுக்காத இரண்டு கம்பிகள் ஜோடியாக வேலை செய்கின்றன. இரைச்சல் கழிவதே இல்லை. 41 மீட்டரில் இது எப்படியோ தாக்குப்பிடித்தது. 63 மீட்டரானதும் தெரிந்துவிட்டது. நீட்டும்போது வெளிவருகிற பழுதுகளில் பல, ஏற்கெனவே உள்ளே இருந்தவை.

இரு முனையையும் வெட்டி, 568 பி வரிசையில் மறுபடி கிரிம்ப் செய்கிறார்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. படம் சீராகிறது. கம்பத்து முனையில் கேமராவின் வால் வயரோடு சேரும் இடத்தில், கேமரா பெட்டியிலேயே வரும் ரப்பர் வளையம் போட்ட உறையைக் கனெக்டருக்கு மேல் திருகுகிறார். பெரும்பாலும் அந்த உறை பிரிக்காமலே அட்டைப் பெட்டியோடு குப்பைக்குப் போய்விடும். கம்பத்தின் பெட்டிக்குள் இரண்டு முழம் கேபிளைச் சுருட்டி வைக்கிறார். நாளைக்குக் கேமராவை ஒரு அடி நகர்த்த வேண்டியிருந்தால் இன்னொரு ஜாயின்ட் தேவைப்படக் கூடாது. முதலில் வந்தவர் இதைவிடச் சற்று அதிகமாகச் சுருட்டி வைத்திருந்தால் தூணுக்கான நான்கு முழத்துக்கு வேலையே இல்லை.

மிச்சம் இருப்பது வட்டம் போட்ட 143. களத்துக்காரர், நடுவில் இன்னொரு பெட்டி வைத்துச் சேர்த்துவிட்டால் என்ன என்று கேட்கிறார். சேர்த்தால் சிலநேரம் வேலை செய்யவும் செய்யும். அதனால்தான் பலர் செய்கிறார்கள். வெயிலில் கேபிள் சூடாகும்போது சிக்னல் தேய்வது கூடும், நண்பகலில் படம் போகும். தம்பி மூன்று வழி சொல்கிறார். பழைய கேபிள் முடியும் குடோன் சுவரில் ஒரு பி.ஓ.இ. எக்ஸ்டெண்டர் வைக்கலாம், வருகிற கரண்டிலேயே அது இயங்கும், சிக்னலை வாங்கிப் புதிதாக அனுப்பும், அங்கிருந்து இன்னொரு 100 மீட்டர் போகலாம். அல்லது ஸ்விட்ச்சில் இருக்கும் எக்ஸ்டெண்ட் பட்டனைப் போடலாம். வேகம் 10 மெகாபிட்டாகக் குறையும், 250 மீட்டர் வரை போகும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. 4 மெகாபிக்சல் கேமரா ஒன்றுக்கு நான்கைந்து மெகாபிட் போதும் என்பதால் 10 தாராளம்தான். ஆனால் அது ஈத்தர்நெட் தரத்தில் இல்லாத, அந்தந்தக் கம்பெனி கொடுக்கும் வசதி, கேபிள் முழுச் செம்பாக இருந்தால்தான் நம்பலாம். மூன்றாவது பைபர்.

என்னைக் கேட்டால் பைபர் என்றுதான் சொல்வேன், தம்பியும் அதைத்தான் சொல்கிறார். தூரம் அதற்குக் காரணமில்லை. கேட் வரை திறந்த வெளி, இருபுறமும் தென்னை. பக்கத்தில் இடி விழுந்தால், அவ்வளவு நீளச் செம்புக் கேபிளில் ஏறும் அழுத்தம் நேராக ஆபீஸுக்கு வந்து ஸ்விட்ச்சையும் படத்தைப் பதிவுசெய்யும் என்.வி.ஆரையும் சேர்த்து எடுத்துவிடும். கண்ணாடி இழையில் அது வராது. கேட்டில் காவலர் அறைக்குக் கரண்ட் இருக்கிறது. அங்கே பைபரையும் செம்பையும் இணைக்கும் ஒரு மீடியா கன்வெர்ட்டரும் சின்ன பி.ஓ.இ. ஸ்விட்ச்சும், ஆபீஸில் இன்னொரு கன்வெர்ட்டரும் போதும். பின்னால் எடை மேடைக்கு ஒரு கேமரா வேண்டுமென்றாலும் அதே ஸ்விட்ச்சில் செருகிக்கொள்ளலாம்.

“எக்ஸ்டெண்டர்னா கம்மியா முடியுமா?” என்கிறார் களத்துக்காரர்.

“கம்மிதானுங்க. இடி இல்லாத வருசமா இருந்தா.”

அவர் கொஞ்ச நேரம் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு பைபருக்குச் சம்மதிக்கிறார். அதை ஒட்டும் மெஷின் தம்பியிடம் இல்லை. ஊரில் வீட்டு இணைப்பு கொடுப்பவரிடம் இருந்து நாளை வாங்கி வர வேண்டும். இரண்டு ஜாயின்ட் பெட்டிகளும் எந்தச் சுவரில், எந்த உயரத்தில் இருக்கின்றன, ஒவ்வொரு கேபிளும் எத்தனை மீட்டர் என்பதை என்.வி.ஆர். பெட்டியின் கதவுக்கு உட்புறம் மார்க்கரில் எழுதுகிறார். மூன்றாவது வரியில் 83 என்று எழுதி, அதற்கு நேரே இடம் விட்டிருக்கிறார். இருட்டத் தொடங்கியதும் பி.ஓ.இ. ஸ்விட்ச்சின் வலைப்பக்கத்தைத் திறந்து பார்க்கிறோம்: தூண் கேமராவின் வாட் இரண்டேமுக்காலிலிருந்து ஆறுக்கு ஏறி அப்படியே நிற்கிறது.